நாப்ஸ்டரை வீழ்த்தியது யார்?

கேள்வி: ஐயா, பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கணினி வலையமைப்புப் பாடத்தில் நாப்ஸ்டர், காசா, லைம்வயர் என்ற பெயர்கள் இரண்டு வரிகளில் வந்து போய்விடுகின்றன. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தியவை என்கிறார்கள். அவை எப்படி வளர்ந்தன, ஏன் மறைந்தன? நீதிமன்றம் ஒழித்ததா, தொழில்நுட்பத்திலேயே கோளாறு இருந்ததா? இன்று அவற்றைப் படித்து என்ன பயன்?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: நீதிமன்றம் மூடியது நிறுவனங்களை. பயன்படுத்தியவர்களை அங்கிருந்து விரட்டியது வலையமைப்புக்குள் சேர்ந்த குப்பை. அவர்களை இழுத்துக்கொண்டது வெளியே திறந்த நல்ல கடை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

முதலில் வளர்ச்சி. நான்கு நிமிடப் பாட்டு ஒன்று குறுந்தகட்டில் சுமார் 40 எம்.பி. இடம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் உருவான எம்.பி.3 முறை அதை ஏறக்குறைய 4 எம்.பி.க்குச் சுருக்கியது. அன்றைய டயல்-அப் மோடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக்கூடிய வேலை கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. பாட்டு இணையத்தில் பயணம் செய்யத் தகுந்த பொருளாகிவிட்டது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பட்டியல் போட்ட தளங்களில் பாதி இணைப்புகள் செத்துக் கிடந்தன.

அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவில் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர் ஷான் ஃபேனிங் எழுதிய நிரல்தான் நாப்ஸ்டர். 1999 ஜூனில் வெளியானபோது அவருக்கு 18 வயது. நண்பர் ஷான் பார்க்கருடன் சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். நாப்ஸ்டர் சர்வரில் ஒரு பாட்டுகூட இருக்காது. யார் கணினியில் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே இருக்கும். தனக்கென்று வீடு இல்லாமல், எந்த வீடு காலி என்று மட்டும் அறிந்த வீட்டுத் தரகரைப் போன்றது அது. இடம் காட்டியதும் அது விலகிக்கொள்ளும். பாட்டு ஒரு பயனர் கணினியிலிருந்து இன்னொரு பயனர் கணினிக்கு நேராகப் போகும். கடைகளில் கிடைக்காத பழைய பதிவுகளையும் கச்சேரிப் பதிவுகளையும் மக்கள் அங்கே முதல்முறையாகக் கண்டெடுத்தார்கள். பல கல்லூரி வளாகங்களில் இணைய இணைப்பே திணறிப்போனது.

நாப்ஸ்டரின் பலமும் பலவீனமும் அந்தப் பட்டியல்தான். 1999 டிசம்பரில் இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டு மெட்டாலிகா இசைக்குழுவும் வழக்குப் போட்டு, தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை நாப்ஸ்டரிடம் ஒப்படைத்தது. 1984-ல் சோனி வீடியோ ரெக்கார்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நாப்ஸ்டர் துணைக்கு அழைத்தது. முறையான பயன்பாடு கணிசமாக உள்ள ஒரு கருவியை விற்றதற்காக மட்டும், வாங்கியவர் செய்யும் தவறுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் வீடியோ ரெக்கார்டரை விற்றதோடு சோனியின் வேலை முடிந்தது. நாப்ஸ்டரோ ஒவ்வொரு தேடலுக்கும் தன் சர்வரிலிருந்து பதில் சொன்னது. என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியும். நினைத்தால் தடுக்கவும் முடியும். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த அடிப்படையில் தீர்ப்பளித்தது. அந்த ஜூலையில் சர்வர்கள் நின்றன. 2002-ல் நிறுவனம் திவாலானது.

இதிலிருந்து பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: நடுவில் சர்வர் வைக்காதே. வின்ஆம்ப் மென்பொருளை உருவாக்கிய நல்சாஃப்ட் குழுவினர், வழக்கு நடக்கும்போதே 2000 மார்ச்சில் நுட்டெல்லாவை வெளியிட்டார்கள். அவர்களது தாய் நிறுவனமான ஏ.ஓ.எல். மறுநாளே அதைத் தளத்திலிருந்து நீக்கியது. அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன. மற்ற நிரலாளர்கள் அதன் இயக்கத்தை ஆராய்ந்து தாங்களே புதிய நிரல்களை எழுதிக்கொண்டார்கள். லைம்வயர் அந்த வழியில் வந்தது.

நுட்டெல்லாவில் பட்டியல் கிடையாது. தேடுபவர் தன்னோடு இணைந்த சில கணினிகளைக் கேட்பார். அவை தங்கள் அண்டைக் கணினிகளைக் கேட்கும். இப்படி ஏழு தாவல் வரை கேள்வி பரவும். பிடிக்க ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் கூட்டம் கூடக் கூடக் கேள்விகளே வெள்ளமாகப் பெருகின. மோடம் வைத்திருந்தவரின் இணைப்பு அடுத்தவர் கேள்விகளைக் கடத்துவதிலேயே மூச்சுத் திணறியது. அதைவிட ஆழமான நோய் ஒன்றும் இருந்தது. ஜெராக்ஸ் ஆய்வு மையத்தின் எய்டன் அடாரும் பெர்னார்டோ ஹியூபர்மனும் 2000-ல் நுட்டெல்லாவை அளந்து பார்த்தார்கள். பயனர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. கிடைத்த பதில்களில் பாதியை 1 சதவீதக் கணினிகளே தந்தன. எல்லோரும் சமம் என்று கட்டிய வலையமைப்பு, உண்மையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் தோளில் நின்றது.

2001-ல் வந்த காசா, நாப்ஸ்டர், நுட்டெல்லா இரண்டுக்கும் நடுவழி கண்டது. ஸ்வீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ராம், டென்மார்க்கின் யானுஸ் ஃபிரீஸ் இருவரும் எஸ்டோனிய நிரலாளர்களுடன் உருவாக்கியது அது. வேகமான இணைப்புள்ள பயனர் கணினிகளையே 'சூப்பர்நோடு'களாக்கித் தேடல் வேலையை அவற்றிடம் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் வேறோர் இடத்தில் கோட்டைவிட்டார்கள். ஒரு கோப்பை அடையாளம் காண அதன் சில பகுதிகளை மட்டுமே காசா சரிபார்த்தது. சரிபார்க்காத பகுதியில் எதை நிரப்பினாலும் அசல் போலவே தெரியும். இசை நிறுவனங்கள் அமர்த்தியவர்கள் அந்த ஓட்டையைக் கண்டுகொண்டு போலிக் கோப்புகளைக் கொட்டினார்கள். வைரஸ் அனுப்புகிறவர்களும் புகுந்தார்கள். காசா மென்பொருளோடு உளவு நிரல்களும் சேர்ந்தே வந்தன. ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தவருக்கு இரைச்சல் கிடைத்தது; கணினியும் கெட்டது.

இந்த நேரத்தில் இசைத் துறை எடுத்த முடிவு தவறானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். 2003 செப்டம்பரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 261 தனிநபர்கள்மீது வழக்குகள் தொடுக்கச் செய்தது. நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் அதில் ஒருவர். குடும்பம் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2008 இறுதியில் கைவிடும்வரை சுமார் 35,000 பேர் இப்படிக் குறிவைக்கப்பட்டார்கள். பகிர்வு நிற்கவில்லை. கலைஞர்களுக்கு நேர்ந்த இழப்பு மெய்தான்; உரிமை இல்லாமல் நகலெடுப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. 1999-ல் 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க இசைப்பதிவு வருவாய் 2014 வாக்கில் பாதியாகிவிட்டது. முழு ஆல்பம் வாங்குவதை விட்டு ஒற்றைப் பாட்டு வாங்கத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மக்கள் விரும்புவது என்ன என்பதை 1999-லேயே நாப்ஸ்டர் காட்டிவிட்டது. அதை விற்க முன்வராமல், வாங்கக் காத்திருந்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

நிறுவனங்கள்மீது விழுந்த அடி 2005 ஜூனில் வந்தது. குரோக்ஸ்டர் என்ற இன்னொரு பகிர்வு மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: உரிமை மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு கருவியைப் பரப்பியவர், சர்வர் இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். நாப்ஸ்டரின் பயனர்களைத் தம் பக்கம் இழுக்கப் போட்ட திட்டங்களே குரோக்ஸ்டர் தரப்புக்கு எதிரான சாட்சியாகின. அந்த நவம்பரில் குரோக்ஸ்டர் மூடியது. 2006-ல் காசாவும், இ-டாங்கி என்ற மற்றொரு பகிர்வு மென்பொருளின் நிறுவனமும் பெருந்தொகை தந்து சமரசம் செய்தன. 2010 அக்டோபரில் லைம்வயருக்குத் தடை. அடுத்த ஆண்டு 10.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதற்குள் நல்ல கடை திறந்தாகிவிட்டது. 2003 ஏப்ரலில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2 லட்சம் பாடல்களுடன் வந்தது. பாட்டுக்கு 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்றன. இலவசம் பக்கத்திலேயே கிடைத்தும் மக்கள் பணம் கொடுத்தார்கள். 2008-ல் சேவையைத் தொடங்கிய ஸ்வீடனின் ஸ்பாட்டிஃபை, 2014 வரை பயனர் கணினிகளிடையேயும் பாட்டைக் கடத்தியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லுட்விக் ஸ்ட்ரிஜீயஸ், மியூடாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதியவர்.

இனி, படித்து என்ன பயன் என்ற கேள்வி. எந்தப் பகிர்வு வலையமைப்பும் மூன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: யார் தேடித் தருவது, யார் கொடுப்பது, வந்தது அசல்தானா? நாப்ஸ்டர் முதலாவதை ஒரே கையில் வைத்ததால் மாட்டியது. நுட்டெல்லா இரண்டாவதில் தோற்றது. காசா மூன்றாவதில். பிராம் கோஹன் 2001-ல் வெளியிட்ட பிட்டாரண்ட் பின்னிரண்டுக்கும் விடை வைத்திருந்தது. கோப்பைத் துண்டுகளாக்கி, உனக்குத் தருபவருக்கே நீயும் தா என்ற விதியைப் புகுத்தியது. ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய ஹாஷ் கொண்டு சரிபார்த்தது. தேடலை மட்டும் வெளியே தளங்களிடம் விட்டுவிட்டது. அதனால் அடி அந்தத் தளங்கள்மீது விழுந்தது. அவற்றில் ஒன்றான பைரேட் பே தளத்தை நடத்தியவர்களுக்கு 2009-ல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் தண்டனை விதித்தது. பிட்டாரண்ட் நெறிமுறை இன்றும் ஓடுகிறது. லினக்ஸ் பதிப்புகள் அதில் வருகின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் தன் சேகரிப்புகளை அதில் தருகிறது. காசாவை உருவாக்கியவர்கள் அதே சூப்பர்நோடு யோசனையைக் கொண்டு 2003-ல் ஸ்கைப்பைத் தொடங்கினார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு லினக்ஸ் பதிப்பை டாரண்டில் இறக்கிப் பாருங்கள். எந்தத் துண்டு யாரிடமிருந்து வருகிறது, நீங்கள் யாருக்குத் தருகிறீர்கள் என்பதைத் திரையில் கவனியுங்கள். பிறகு அடார், ஹியூபர்மன் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். அது சிறியது, உங்களுக்குப் புரியும். பழைய பெயர்களில் இன்று இணையத்தில் தென்படும் மென்பொருள்களை மட்டும் நிறுவாதீர்கள். இறக்கி முடித்ததும் டாரண்டை மூடாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அடுத்தவருக்கும் துண்டுகள் வேண்டும்.