படியில் மோதும் அலையும் பலாங்கொடைக் கனிப்பொருளும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலைநூலாசிரியராக யாவரும் அறிவர். அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் இருந்தபோது, நம் மலைநாட்டின் தெற்கே பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய, பாரமான கனிப்பொருளொன்றை ஆராய்ந்தவர் என்பதைச் சிலரே அறிவர். 1904 ஆம் ஆண்டில் அது புதியதெனத் துணியப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. தோரியம் மிகுந்த அக்கனிப்பொருள் இடையறாது அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுகின்றது. அவை எங்ஙனம் வெளிவருகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நாமறிந்த புகையிரதத்தை நோக்குவோம். அட்டனிலிருந்து செல்லும் வண்டி, பட்டிப்பொலையை அடுத்த 6,226 அடி உச்சியைக் கடக்கப் போதிய வலுவுடையதாயின் முழுதும் கடக்கும். இன்றேல் முழுதும் நின்றுவிடும். ஒரு பங்கு ஏறி ஒரு பங்கு மீள்வதில்லை.

நுண்துணிக்கைகளோ அலையியல்பும் உடையன என்பது குவாண்டம் பொறியியலின் கோட்பாடு. துணிக்கை செல்லும் வழியில் அழுத்தசத்தி படிபோலத் திடீரென உயர்வதாகக் கொள்வோம். படியின் உயரம் துணிக்கையின் சத்தியில் முக்காற்பங்காயின், ஏறியபின் எஞ்சும் இயக்கசத்தி காற்பங்கு, உந்தம் அரைப்பங்கு. இரு உந்தங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மூன்றிலொன்று. அதனை வர்க்கித்தால் ஒன்பதிலொன்று. ஏறுதற்குச் சத்தி போதியதாயிருந்தும், சராசரியாக ஒன்பதில் ஒரு துணிக்கை தெறித்து மீளும், எட்டு ஊடுசெல்லும். அதே படியிற் கீழிறங்கும் அலையிலும் இதே பங்கு மீளும். ஆகவே இத்தெறிப்புக்குக் காரணம் வலிமைக் குறைவன்று. வழியின் சடுதி மாற்றமே. புகையிரதத்தின் அலைநீளம் அளவிடற்கரிய சிறுமையுடையது. அதற்கு எம்மலையும் சாய்வேயன்றிப் படியன்று.

படி துணிக்கையின் சத்தியினும் உயர்ந்ததாயின் யாவும் மீளும். ஆயினும் அலை விளிம்பிலேயே முடிவதில்லை. சிறிது உட்புகுந்து விரைந்து தேயும். முழுத்தெறிப்பு என மனனஞ் செய்யும் மாணாக்கர் இவ்வுட்புகுதலை மறந்துவிடுகின்றனர். மறப்பின், பலாங்கொடைக் கனிப்பொருளின் செயல் விளங்காது. தோரியத்தின் கருவைச் சூழ்ந்த தடுப்பு முடிவின்றி நீள்வதன்று. அதற்கு ஓர் அகலம் உண்டு. தேய்ந்த அலையின் எச்சம் அதனைக் கடந்து அப்பாற் செல்லும். 1928 இல் காமோவும், அவரின் வேறாகக் கேணி, கொண்டன் என்னும் இருவரும் இதனை விளக்கினர்.

தோரியம் வெளிவிடும் துணிக்கையின் சத்தி ஏறத்தாழ 4 மில்லியன் இலத்திரன் உவோற்று. அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. அதன் வழித்தோன்றலான பொலோனியம் 212 வெளிவிடும் துணிக்கைக்குச் சத்தி ஏறத்தாழ இருமடங்கு. அரைவாழ்வுக்காலமோ ஒரு வினாடியின் பத்து இலட்சத்திலொரு பங்கினும் குறைவு! சத்தியின் சிறு வேறுபாடு அலையின் தேய்வை அத்துணை மாற்றுகின்றது. அக்கனிப்பொருளில் இன்றும் தோரியம் எஞ்சியிருப்பதும் அலை அவ்வளவு தேய்வதனாலேயாம்.

ஆதலின் மாணாக்கர், 'சத்தி போதாது' என்னும் விடையோடு அமையாது, அலை எவ்வளவு புகுந்தது, எவ்வளவு தேய்ந்தது எனவும் வினவுவாராக.