தங்கவயலில் மூன்று திங்கள்

(உரைநடை)

மாணவர்களே, நீங்கள் பிறந்த ஊர் ஒன்று. உங்கள் பாட்டனார் பிறந்த ஊர் வேறொன்று. உங்களுள் பலர் அந்த இரண்டாவது ஊரின் பெயரை மட்டுமே அறிவீர்கள். கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் நான் 4 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். அங்கே என்னிடம் தமிழை விருப்பமொழியாகப் பயின்ற 11 பேரும் உங்களைப் போன்றவர்களே. அந்த 4 ஆண்டுகளின் கடைசி மூன்று திங்களைப் பற்றி மட்டும் இப்பாடத்தில் எழுதுகிறேன். அதற்கு முன்பு செய்யத் தவறியவற்றையெல்லாம் அந்த மூன்று திங்களில்தான் செய்தேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தங்கவயல் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்குப் பெரிய அளவில் சுரங்கத் தொழிலை நடத்தியது. பாறையைக் குடைய ஆட்கள் தேவைப்பட்டனர். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகச் சென்று சேர்ந்தனர். பஞ்சமும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டு விரட்டின. மாதந்தோறும் கிடைக்கும் கூலி அவர்களை அங்கே இருத்தியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் எடுத்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அன்று முதல் அவ்வூரார் பிழைப்பு பெங்களூருக்கு மாறியது. விடியுமுன் மாரிகுப்பம் நிலையத்தில் இரயிலேறுவோர் இருட்டிய பிறகே வீடு திரும்புவர். என் மாணவருள் பலர் தந்தையாரோடு அமர்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் கையொப்பம் இல்லையென்று முதலாண்டில் நான் அவர்களைக் கடிந்துகொண்டதை இன்று நினைத்தாலும் நாணம் வருகிறது.

நாணத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. என் ஊர் தஞ்சை மாவட்டத்தில் உள்ளது. தங்கவயல் பிள்ளைகள் “வந்துகினு இருக்கான்” என்று பேசும்போதெல்லாம் நான் இடைமறித்து, “அப்படிச் சொல்லலாகாது, ‘வந்துகிட்டு’ என்று சொல்” எனத் திருத்துவேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “புத்தகத்தில் ‘வந்துகொண்டு’ என்றுதானே சார் இருக்கிறது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் கேட்டது முற்றிலும் சரி. ‘கொண்டு’ என்னும் சொல் எங்கள் பக்கத்தில் ‘கிட்டு’ என மருவிற்று. வடஆர்க்காட்டில் ‘கினு’ என மருவிற்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நூறாண்டுக்கு முன் ஊரைவிட்டு வந்தவர்கள் நிலத்தையோ வீட்டையோ கொண்டுவரவில்லை. அந்தக் ‘கினு’வைக் கொண்டுவந்தார்கள். அதைத்தான் நான் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தேன்.

2018 சனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது எனக்கு மாற்றல் ஆணை வந்திருந்தது. நானே மூன்று முறை விண்ணப்பித்துக் கேட்ட மாற்றல்தான். மகிழ்ச்சியோடு வகுப்பில் தெரிவித்தேன். “உங்களுக்கு அப்புறம் யார் சார் வருவாங்க?” என்றாள் அதே மாணவி. ஆணையில் என் பெயர் மட்டுமே இருந்தது. எனக்குப் பின் வருபவர் பெயர் இல்லை. விருப்பமொழிக்கு ஆசிரியர் இல்லையென்றால் வகுப்பும் இல்லை. அப்பிள்ளைகள் தமிழ் பேசுவர். ஆனால் 11 பேருள் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் அன்று நால்வரே. மார்ச்சு இறுதிக்குள் எஞ்சிய எழுவரையும் படிக்க வைத்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டேன். பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு அது நடவாது என்பதை முந்தைய ஆண்டுகளில் உணர்ந்திருந்தேன். ஆகவே தலைமையாசிரியரின் இசைவோடு, சனிக்கிழமைதோறும் வகுப்பை வெளியே அழைத்துச் சென்றேன்.

முதல் சனிக்கிழமை, ஊரைச் சுற்றியுள்ள சயனைடு மேடுகளைக் காணச் சென்றோம். அவை இயற்கையான குன்றுகள் அல்ல. பொன் கலந்த பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு மண் அது. சாம்பல் நிறத்தில், புல்லும் அரிதாகவே முளைக்கும் மேடுகள். காற்றடித்தால் தூசு வீடுகளுக்குள் புகும். பிள்ளைகள் தொலைவில் நின்றே படம் வரைந்து பெயர் எழுதினர். ‘மேடு’ என்பதை ஒருவன் ‘மோடு’ என்று எழுதியிருந்தான். திரும்பும் வழியில், 1965ஆம் ஆண்டு அவ்வூர்ச் சுரங்கத்தினுள் 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்கள் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தைக் கண்டறிந்ததைக் கூறினேன். விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களை அத்தனை ஆழப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவிச் செல்லும். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குத் தம் ஊர்மீது ஒரு மிடுக்கு வந்துவிட்டது. தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று நீங்கள் வினவலாம். அன்று எழுதச் சொன்ன ஐந்து வரிக் கட்டுரையை எல்லாரும் பத்து வரி எழுதினர் என்பதே என் விடை.

அடுத்ததாகக் கோலார் நகரத்துக் கோலாரம்மன் கோயிலுக்குப் பேருந்தில் சென்றோம். அக்கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கோலாரின் பழம்பெயர் குவளாலம். சோழர் ஆட்சியில் அப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் எனப்பட்டது. கல்லில் உள்ள எழுத்துகள் இன்றைய வடிவினின்று வேறுபட்டவை. எனினும், ‘ப’வும் ‘ட’வும் ‘ம’வும் ஓரளவு அடையாளம் தெரியும். யார் மிகுதியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தேன். மெதுவாகப் படிப்பவன் என்று நான் கருதியிருந்த ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனே வென்றான். இன்னொரு செய்தியையும் அங்கே சொன்னேன். நாம் இன்றும் பயிலும் நன்னூலைப் பவணந்தி முனிவரைக் கொண்டு செய்வித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். கங்கர் குலத்தவனாகிய அவன், குவளாலபுரத்துக்கு உரியவன் என்னும் பட்டத்தைத் தாங்கியவன். “அப்போது இலக்கணம் எங்கள் ஊரிலிருந்துதான் வந்ததா சார்?” என்று கேட்டனர். பட்டம்தான் இவ்வூர்ப்பெயர் தாங்கியது, நூல் இங்கே எழுதப்பட்டதெனக் கூறச் சான்றில்லை என்று விளக்கினேன். அவர்களுக்கு அந்த விளக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

போட்டியில் வென்ற சிறுவன்தான் மறுவாரம் என்னிடம் ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். பழுப்பேறி, ஓரம் நைந்திருந்தது. “தாத்தாவோட அம்மா அனுப்பினது சார். தாத்தாவுக்குக் கண்ணில் புரை. என்னைப் படிக்கச் சொல்கிறார், ஆனால் இது தமிழ் மாதிரியே இல்லை” என்றான்.

அவன் மீது பிழையில்லை. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் எழுத்தின் மேல் வளைந்து நிற்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனித்த கால் இல்லாமல், எழுத்தோடு ஒட்டிய சுழி இருந்தது. அட்டையோ 1962ஆம் ஆண்டையது. மேலும், நாளைக் குறிக்க ௳, திங்களைக் குறிக்க ௴, ஆண்டைக் குறிக்க ௵, உரூபாயைக் குறிக்க ௹ என்னும் குறிகள் அதில் இருந்தன. தலைப்பில் பிள்ளையார் சுழி. இவற்றுள் எதையும் நான் வகுப்பில் கற்பித்ததில்லை. பாடநூலில் இல்லை, ஆகவே கற்பிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் கரும்பலகையில் பழைய எழுத்துகளே இருந்தன. பிள்ளைகள் அவற்றை மறைகுறிபோல் எண்ணிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பழைய வடிவில் சிறு கடிதங்கள் எழுதிக் கைமாற்றினர். நான் காணாததுபோல் இருந்தேன்.

சனிக்கிழமை அச்சிறுவன் வீட்டுக்குச் சென்றோம். சுரங்கத் தொழிலாளர்க்காகக் கட்டிய வரிசை வீடுகளை அங்கே ‘லைன்’ என்பர். மூங்கில் தட்டிகளால் வேய்ந்த குடிசைகளில் தம் தந்தையார் காலம் கழிந்ததாகப் பெரியவர் கூறினார். அவர் சுரங்கத்தினுள் வேலை செய்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு எத்தனை விரைவாக இறங்கும், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை எப்படிச் சுடும், பாறை திடீரென வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரங்கள் எவ்வாறு உருளும் என்றெல்லாம் நிறுத்தாமல் சொன்னார். அந்த ஓசை கேட்டால் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்களாம். அச்சுரங்கத்துக்கு 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு வந்ததோ 1905இல். அம்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுக்கப்பட்டது. என் ஊர் வயலுக்குப் பாயும் ஆறு முதலில் இவர்களுக்கு உழைத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு பெரியவர், “படிடா நைனா” என்றார். சிறுவன் எழுந்து நின்று படித்தான். ஆம்பூரை அடுத்த சிற்றூரிலிருந்து, எழுதத் தெரியாத தாய் யாரிடமோ சொல்லி எழுதுவித்த அட்டை அது. அனுப்பிய 15 உரூபாய் கிடைத்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தது. ஆடு இரண்டு குட்டி போட்டது. தங்கைக்கு இடம் பார்க்கிறோம். நீ ஆழத்தில் இறங்கும் வேலையை விட்டு மேலே ஏதாவது வேலை கேள். இவ்வளவுதான். ‘க்ஷேமம்’ என்னும் சொல்லில் அவன் சிக்கினான். பெரியவரே எடுத்துக் கொடுத்தார். அட்டை முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ‘ஆழத்தில் இறங்கும் வேலை’ என்ற வரியை மட்டும் மறுமுறை படிக்கச் சொன்னார். “நான் கேட்கவே இல்லை சார். மேலே கூலி குறைவு” என்றார்.

பாலாறு தங்கவயலுக்கு அருகே பேத்தமங்கலத்தைக் கடந்தே ஆந்திரம் வழியாக ஆம்பூர்ப் பக்கம் செல்கிறது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது. தாயும் மகனும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தார்கள் என்று ஒரு மாணவி தன் ஏட்டில் எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த வரியன்று அது.

பிப்ரவரி, மார்ச்சு முழுவதும் வீடுவீடாகப் பழைய தாள்கள் வெளிவந்தன: திருமண அழைப்புகள், சங்கத் துண்டறிக்கைகள், மணியார்டர் துண்டுகள். அயோத்திதாசப் பண்டிதரின் நூல்கள் பல இந்நகரில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை வாயிலாக வெளிவந்தவை என்பதையும், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப்பின் இங்கிருந்தும் வெளிவந்தது என்பதையும் சொன்னபோது, “இங்கேயே அச்சடித்தார்களா?” என்று வியந்தனர். நான்கு ஆண்டுகள் அவ்வூரில் இருந்தும் நானே அதை அவ்வாண்டுதான் அறிந்தேன்.

மார்ச்சு இறுதியில் எழுவருள் ஐவர் தடையின்றிப் படித்தனர். இருவருக்கு இன்னும் காலம் தேவைப்பட்டது. புதிய ஆசிரியர் பற்றிய செய்தி நான் புறப்படும் நாள்வரை வரவில்லை. வகுப்பின் கரும்பலகைப் பெட்டியில் பழைய எழுத்து அட்டவணையை வைத்துவிட்டு, சாவியை எட்டாம் வகுப்பு மாணவியிடம் கொடுத்தேன்.

பிரிவு நாளில் அவர்கள் எனக்கு ஓர் ஏடு தந்தனர். வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் திரட்டிய சுரங்கச் சொற்களைப் பொருளுடன் எழுதியிருந்தனர். இரயிலில் அதை விரித்தேன். ‘சங்கு’ என்னும் சொல்லுக்கு நேரே இவ்வாறு இருந்தது: “வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஊதுவது. தாத்தா அதைக் கேட்டுக்கினு எழுந்திருப்பார். இப்போது ஊதுவதில்லை.” என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதை எடுக்கவில்லை.

பயிற்சி

1. ‘கொண்டு’ என்னும் சொல் உங்கள் வீட்டில் எவ்வாறு ஒலிக்கிறது? வீட்டிலுள்ள மூத்தவர் பேச்சிலிருந்து மூன்று தொடர்களைக் கேட்டு எழுதுக.

2. தமிழ் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘புலி’ ‘ஹுலி’. இவ்வாறு ‘ப’ ‘ஹ’வாக மாறும் வேறு சொற்களைக் கன்னடம் அறிந்த நண்பரிடம் கேட்டுத் தொகுக்க.

3. பெரியவர் ஒரு வரியை மட்டும் மறுமுறை படிக்கச் சொன்னது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வீட்டில் பழைய தமிழ்க் கடிதம் உள்ளதா எனத் தேடுக. இருப்பின், பெரியோர் இசைவுடன் அதனை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுக. படிக்க இயலாத எழுத்துகளை மட்டும் வரைந்து வகுப்புக்குக் கொண்டுவருக.