வர்ணம் பூசிய வானமா?

சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு, நம்மவர் மிருகசீரிஷமும் திருவாதிரையும் காணும் ஓரியன் மண்டலத்திலே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே உள்ள நெபுலாவை என் தொலைநோக்கியில் எட்டிப் பார்த்த நண்பர் ஒருவர், "விபூதியை ஊதிவிட்டாற்போல் இருக்கிறதே! நீர் காட்டிய படத்தில் ரோஜா நிறமல்லவா? அப்படியானால் அது கம்ப்யூட்டரில் பூசிய வர்ணந்தானே?" என்று கேட்டார்.

பூசியது அன்று. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறங்களைப் பிரித்தறியும் சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. அன்றியும், வந்த ஒளியை ஒரு விநாடிக்குள் செலவழித்துவிட்டு மறுபடி வெறுங்கையோடு நிற்கும் ஊதாரி அது. காமிராவோ காசு சேர்க்கும் பாட்டியைப் போல மணிக்கணக்காகச் சேமிக்கும். 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பும் சிவப்பு மெய்யானது. கடையில் வாங்கும் காமிராவுக்குள் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது என்பதே நம் குறை.

ஆனால் நண்பரின் சந்தேகத்திலும் கால்வாசி நியாயம் உண்டு. ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்ஸிஜனுக்கு நீலமும் வேண்டுமென்றே வகுத்துக் கொடுக்கப்பட்டன. எந்த வாயு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நிறம் மாறியதேயன்றி, இல்லாத வாயு அங்கே வரையப்படவில்லை.

ஒரே 'கிளிக்'கில் படம் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை அதைவிடப் பேதைமையானது. பூமி சுழல்வதால், முக்காலியில் அசையாது நிற்கும் காமிராவில், 50 மி.மீ. லென்ஸிலேயே பத்து விநாடிக்குள் நட்சத்திரங்கள் அரிசிமணிபோல் நீளத் தொடங்கும். ஆகவே சிறு சிறு படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதாவது 'ஸ்டாக்' செய்து, சராசரி காண்கிறோம். நூறு படங்களை அடுக்கினால், படத்தில் புள்ளிபுள்ளியாய்த் தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். விடிந்ததும், லென்ஸின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்தை நோக்கி எடுக்கும் 'ஃபிளாட்' படங்களும் தூசி நிழலைக் கழிக்கத் தேவை. சோம்பலினால் ஒரு முறை நான் அவற்றை எடுக்காமல் விட்டேன். காமிராவுக்குள் ஒட்டியிருந்த தூசி ஒன்று, அண்ட்ரோமீடா காலக்ஸியின் பக்கத்திலே சாம்பல் வளையமாக வந்து குந்திக்கொண்டது.

பெரிய தொலைநோக்கி இன்றி இக்கலை கைகூடாது என்பாருக்கு அந்த அண்ட்ரோமீடாவே பதில். வானத்தில் அதன் அகலம் ஆறு பூரணச் சந்திரன்களை வரிசையாக வைத்ததற்குச் சமம். பெரிய தொலைநோக்கியின் பார்வைக்குள் அது அடங்கவே அடங்காது. அதன் அருகே எவரும் அறியாதிருந்த ஆக்ஸிஜன் ஒளிவளைவு ஒன்றை 2023-இல் உலகுக்கு அறிவித்த பொழுதுபோக்குக் கலைஞர்கள், சுமார் நான்கு அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கியால், நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளி சேர்த்தே அதைக் கண்டார்கள். பணம் இருந்தால், வானத்தோடு கூடவே திரும்பும் 'மவுண்ட்'டில் முதலில் போடுங்கள்.

இனி, 'எடிட்டிங்' என்றாலே மோசடி என்னும் பேச்சு. அடுக்கி முடித்த படத்தைத் திறந்தால் கரிப்பலகைதான் தெரியும். நெபுலா முழுவதும் கருமைக்கு ஒட்டிய ஒரு சிறு எல்லைக்குள் ஒடுங்கிக் கிடக்க, அந்த எல்லையை மெல்ல விரித்துக் கொடுப்பதே திருத்தத்தின் முதல் வேலை. படம் முழுவதற்கும் ஒரே விதமாகச் செய்வது திருத்தம். தூரிகையெடுத்து மூலையில் ஓர் இழையைச் சேர்ப்பதும், இல்லாத நுணுக்கத்தைக் கற்பித்துத் தரும் மென்பொருளிடம் படத்தை ஒப்படைப்பதும் பொய்.

சந்தேகம் தீராதவர்கள், வரும் மார்கழி அமாவாசையன்று இரவு 11 மணியளவில், ஊர் வெளிச்சம் எட்டாத வெளியிலே, முக்காலியில் அதே 50 மி.மீ. லென்ஸை ஏற்றி, உச்சிக்கு அண்மையில் நிற்கும் அந்த மூன்று நட்சத்திரங்களை நோக்கி 5 விநாடி வீதம் 200 படங்கள் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 17 நிமிஷ ஒளி கையில் இருக்கும்.