ஆயிரத்தில் ஒன்றைத் தேடிய அறிவியல்

1928 இல் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார் என்பது நாம் பாடநூலில் படித்ததே. ஆனால் அவரது பங்கசு சுரந்த மருந்து மிகச் சொற்பம். 1941 இல் ஒக்ஸ்போர்டில் பெனிசிலின் ஏற்றப்பட்ட பொலிஸ்காரர் ஒருவர் தேறி வந்தார். அவரது சிறுநீரிலிருந்தும் மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோக, அவர் இறந்தார். மருந்து கிடைத்துவிட்டது; அதை அதிகமாகச் சுரக்கும் பங்கசுதான் கிடைக்கவில்லை.

தேடல் ஐக்கிய அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுகூடத்தில் தொடர்ந்தது. பல இடத்து மண்ணும் பழுதான பழங்களும் சோதிக்கப்பட்டன. 1943 இல் அந்நகரில் கிடைத்த முலாம்பழம் ஒன்றில் படர்ந்திருந்த பூஞ்சணம் மற்றவற்றை விஞ்சியது.

அத்துடன் விஞ்ஞானிகள் நின்றுவிடவில்லை. அதன் வித்திகள் மீது எக்ஸ் கதிரையும், பின்னர் புறவூதாக் கதிரையும் செலுத்தினர். பெரும்பாலான வித்திகள் இறந்தன. தப்பியவற்றுள் சிலவற்றின் பரம்பரை அலகுகளில் விகாரம் ஏற்பட்டிருந்தது. விகாரம் குறிபார்த்து வருவதில்லை; அநேகமானவை பயனற்றவை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, சுரப்பை அளந்து, சிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மீண்டும் தொடங்கினர். இதுவே செயற்கைத் தேர்வு. பிளெமிங்கின் பங்கசு ஒரு மில்லிலீற்றருக்கு ஒருசில அலகுகளே தந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தெரிவான 'கியூ-176' என்ற குலவகையோ ஏறத்தாழ 900 அலகுகள் தந்தது. பின்னர் ஸ்ரெப்ரோமைசின் போன்ற மருந்துகளைச் சுரக்கும் பற்றீரியாக்களும் இவ்வழியிலேயே மேம்படுத்தப்பட்டன.

இதே தேர்வு நமது உடலிலும் நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆய்வுகூடத்தில் தெரிவுசெய்பவர் மனிதர். உடலில் தெரிவுசெய்வது மருந்து. நுண்ணுயிர்கொல்லி பலவீனமான பற்றீரியாக்களை அழிக்க, அதைத் தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. குறைந்த அளவில் மருந்தெடுத்தால் இந்த ஆபத்து நேரும் என்று 1945 இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார்.

தடிமனை உண்டாக்குவது வைரசு. அதை நுண்ணுயிர்கொல்லி குணப்படுத்தாது. ஆகவே போன முறை மிஞ்சிய குளிசையைப் பிள்ளைக்குக் கொடுப்பதும், அயல்வீட்டாருக்கு எழுதிய மருந்தை நாம் வாங்கி விழுங்குவதும் வேண்டாம். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுப்போம். ஆயிரக்கணக்கான பங்கசுகளைச் சலித்தெடுத்துப் பெற்ற மருந்து இது. அது நம் பிள்ளைகளின் காலத்திலும் வேலை செய்ய வேண்டும்.