பாக்கிப் பட்டியல் கேட்டால் "சிண்டாக்ஸ் எரர்" வருவது ஏன்?



பேரேடு புரட்டிய நம்மில் பலரும் இன்று பாக்கிக் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம். கணக்கு இருக்கும் டேட்டாபேஸிடம் கேட்பதற்குப் பெரும்பாலும் எஸ்.கியூ.எல். என்ற மொழி பயன்படுகிறது. "இந்தப் பெயருக்கு உள்ள பாக்கியைக் காட்டு" என்பது ஒரு கட்டளை. இதில் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மாறும் அந்த மதிப்பைத் தாங்குவதே வேரியபிள்.

முருகன் என்றால் பாக்கி வருகிறது. டி'சோசா என்றால் பிழை வருகிறது. காரணம் என்ன? எழுத்தாலான மதிப்பை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. டி'சோசாவின் நடுவிலுள்ள குறியைக் கண்டதும், பெயர் "டி" என்பதோடு முடிந்தது என்று இயந்திரம் கொள்கிறது. மிச்சமுள்ள "சோசா" அதற்குப் புரியாத கட்டளையாகிவிடுகிறது.

பிழை வந்தால் பார்க்க வேண்டியவை:

1. மதிப்புகள் சேர்ந்தபின் உருவான முழுக் கட்டளையையும் திரையில் வரவழைத்துப் படிக்கவும்.

2. பெயருக்கும் தேதிக்கும் மேற்கோள் குறி உண்டா? தொகைக்கு அது வேண்டாம். 1,25,000 என்று காற்புள்ளியும் கூடாது. 125000 என்றே இருக்க வேண்டும்.

3. நிரப்ப வேண்டிய இடம் காலியாக உள்ளதா? இருந்தால் கட்டளை பாதியில் நிற்கும்.

4. அட்டவணைக்கு "ஆர்டர்" என்று ஆங்கிலத்தில் பெயரிட்டிருக்கிறதா? அது அம்மொழிக்கே உரிய சொல், பெயரை மாற்றவும்.

5. பிழைச் செய்தி காட்டும் இடத்தை மட்டுமன்றி, அதற்குச் சற்று முன்னும் தேடவும்.

பெயரிலுள்ள குறியை நீக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வர். அப்படிச் செய்தால் பில்லில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்றாகிவிடும். சரியான வழி, மதிப்பைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியே தருவது. பல டேட்டாபேஸ்களில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி இட்டு இதைச் செய்கிறார்கள். நம் பில் புத்தகம் போலத்தான் இதுவும். கோடிட்ட இடத்தில் எதை எழுதினாலும் அச்சிட்ட வாசகம் மாறாது.

ஒட்டும் முறையில் பெரிய ஆபத்தும் உண்டு. கெட்ட எண்ணம் கொண்டவன் பெயருக்குப் பதிலாகக் கட்டளைத் துண்டையே தட்டச்சு செய்து, எல்லோருடைய பாக்கியையும் பார்க்கலாம். சில இடங்களில் அழிக்கவும் செய்யலாம். இதற்கு எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன் என்று பெயர்.

ஆகவே, புரோகிராம் எழுதித் தருபவரிடம் பணம் கொடுக்குமுன் டி'சோசா என்று தட்டிப் பாருங்கள். பிழை வந்தால், திருத்திய பிறகே பெட்டியைத் திறப்போம்.