விந்தைப் பறவைகளும் அவற்றின் இடமும்

பின்வரும் வாசிப்புப் பகுதியை வாசித்திடுக, கருத்துகளை விவரித்திடுக.

ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறுநகரம் கோப்பெங். ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த ஊர் இது. பின்னர், இவ்வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பலர் அவற்றில் உழைத்தனர். இன்று அத்தோட்டங்களில் பல, செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடர்ந்த காடு நிற்கிறது. தெற்கே, சுண்ணாம்புக் குன்றின் வயிற்றுக்குள் குவா தெம்புருங் குகை நீண்டு கிடக்கிறது. காடு, குகை, தோட்டம் என்னும் மூன்று நிலங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய ஊர் கோப்பெங்.

விந்தையான பறவைகள் என்றதும் பனிக்கண்டத்துப் பெங்குவினும் ஆப்பிரிக்க நெருப்புக்கோழியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மேற்சொன்ன மூன்று நிலங்களுக்கும் உரிய விந்தைப் பறவைகள் நம் நாட்டிலேயே வாழ்கின்றன. அவற்றின் விசித்திரமான உடலமைப்பும் பழக்கமும் வெறும் வேடிக்கைக்கு ஏற்பட்டவை அல்ல. அவை வாழும் இடம் கேட்ட கேள்விகளுக்கு அவை கண்ட விடைகள்.

திருவள்ளுவர் ‘காலமறிதல்’, ‘இடனறிதல்’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். தன்னைவிட வலிய கூகையைக் காகம் பகலில் வென்றுவிடும் என்கிறார். ஆழமான நீரில் எதையும் வெல்லும் முதலை, நீரைவிட்டு வெளியேறினால் தோற்றுவிடும் என்றும் கூறுகிறார். அரசனுக்குச் சொன்ன இந்த அறிவுரை, பறவைகளுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்ப்போம்.

காடு: கதவை அடைத்துக்கொள்ளும் தாய்

ஐந்து ரிங்கிட் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வளைந்த பெரிய அலகும், அதன்மேல் கொம்புபோல் எழும்பிய கொண்டையும் கொண்ட ஒரு பறவை அதில் இருக்கும். அதுதான் காண்டாமிருக இருவாச்சி. மலாய்மொழியில் இருவாச்சியை ‘எங்காங்’ என்பர். மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் வாழ்கின்றன. பேராவின் வடபகுதியில் உள்ள பெலும்-தெமெங்கோர் காட்டில் இந்தப் பத்து வகைகளையும் காணலாம்.

இருவாச்சி பறக்கும்போது எழும் ‘வூஷ், வூஷ்’ என்னும் ஓசை வெகுதொலைவுக்குக் கேட்கும். பிற பறவைகளின் இறக்கைக்கு அடியில் இருக்கும் சிறு மூடு சிறகுகள் இதற்கு இல்லை. எனவே, பெரிய சிறகுகளின் இடையே காற்று புகுந்து ஒலி எழுப்புகிறது. கனமான அலகைத் தாங்குவதற்காக இதன் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளும் ஒன்றாக இணைந்துள்ளன.

இவற்றைவிட வியப்பானது இது கூடு கட்டும் முறை. பெரிய மரத்தில் இயற்கையாக உண்டான பொந்துக்குள் பெண் பறவை நுழைகிறது. மண், எச்சம், பழச்சதை ஆகியவற்றைக் குழைத்துப் பொந்தின் வாயை உள்ளிருந்தே பூசி அடைக்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு சிறு பிளவு மட்டுமே மிஞ்சும். பாம்போ மரநாயோ உள்ளே புக முடியாது. இச்சிறை வாழ்க்கை, வகைக்கேற்பச் சில மாதங்கள் நீடிக்கும். அந்நாள்களில் ஆண் பறவை காடெங்கும் பறந்து அத்திப்பழங்களைத் தொண்டையில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகப் பிளவின் வழியே ஊட்டும். ஆண் பறவையை யாரேனும் சுட்டுவிட்டால், கூட்டுக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடந்து மடிய நேரிடும்.

இருவாச்சியால் மரங்கொத்தியைப்போல் பொந்து குடைய முடியாது. பல்லாண்டு வளர்ந்து பருத்த மரத்தில், கிளை முறிந்தோ உளுத்தோ உண்டான பொந்து அதற்கு வேண்டும். வெட்டுமரத் தொழிலில் முதலில் விழுவதும் அத்தகைய பெருமரங்களே. காட்டில் ஆயிரம் இளமரங்கள் நின்றாலும், ஒரு பழமரப் பொந்து இல்லாவிட்டால் இருவாச்சிக்கு வீடு இல்லை. மரங்களுக்கும் இருவாச்சி தேவை. அது விழுங்கும் பழங்களின் விதைகள் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் சென்று விழுந்து முளைக்கின்றன.

குகை: இருளில் ஒலியால் பார்க்கும் குருவி

சுண்ணாம்புக் குன்றுகளின் ஆழ்ந்த குகைகளே உழவாரக் குருவியின் இயற்கையான இல்லம். மலாயில் இதனை ‘வாலிட்’ என்பர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பறவை இது. இதன் கால்கள் மிகவும் வலுவற்றவை. கிளையில் அமர இதனால் இயலாது. செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும். ஆகவே, பகல் முழுவதும் வானில் பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது.

மாலையில் குகைக்குத் திரும்பும்போது அங்கே கும்மிருட்டு. கண்ணால் பயனில்லை. அப்பொழுது அக்குருவி ‘டிக், டிக், டிக்’ என்று விரைவாக ஒலி எழுப்புகிறது. அவ்வொலி பாறையில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, சுவர் எங்கே, வழி எங்கே என்று அறிந்துகொள்கிறது. வௌவால் எழுப்பும் ஒலி பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது. இந்தக் குருவியின் ஒலியோ நமக்குத் தெளிவாகக் கேட்கும். தென் அமெரிக்கக் குகைகளில் வாழும் எண்ணெய்ப் பறவையும் இதே உத்தியைக் கையாள்கிறது. இருவேறு கண்டங்கள், நெருங்கிய உறவில்லாத இரு பறவைகள். ஆயினும், இருட்டுக் குகை கேட்ட ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன.

குகைச் சுவரில் குச்சியும் புல்லும் நிற்காது. எனவே, உழவாரக் குருவிகளில் ஒருவகை தன் உமிழ்நீரையே நூலாக இழைத்துக் கூடு கட்டுகிறது. காற்றுப்பட்டதும் அது கெட்டியாகிவிடும். இவ்வாறு ஒரு கிண்ண வடிவக் கூட்டைக் கட்டி முடிக்க ஒரு மாதத்திற்கு மேலாகும். அந்தக் கூடே சீனர்களின் விருந்துகளில் விலையுயர்ந்த சூப்பாகிறது. இதற்காகவே சித்தியவான், தெலுக் இந்தான் போன்ற பேரா நகரங்களில், சன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள் எழுப்பப்பட்டுள்ளன. ஒலிபெருக்கியில் குருவிகளின் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை உள்ளே அழைக்கிறார்கள். அவற்றைப் பொறுத்தவரை அந்தக் கட்டடமும் ஒரு குகைதான். குஞ்சுகள் பறந்துசென்ற பிறகு கூட்டை எடுத்தால் குருவிக்குக் கேடில்லை. முட்டையிருக்கும்போதே பறித்தால் ஒரு தலைமுறையே போய்விடும்.

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் சிமெந்துக்காகவும் பளிங்குக்காகவும் உடைக்கப்பட்டு வருகின்றன. வெட்டிய காட்டில் மரம் நட்டு ஒரு நூற்றாண்டு காத்திருக்கலாம். உடைத்த குகையை யாரும் நட்டு வளர்க்க முடியாது.

தோட்டம்: பழிசுமந்த தோழன்

இரவில் கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று தோட்டப்புறங்களில் சொல்வதுண்டு. மலாயிலும் ஆந்தைக்கு ‘புரோங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்றே பெயர். இதய வடிவில் வெளுத்த முகமும் ஓசையில்லாப் பறப்பும் இந்த அச்சத்தை வளர்த்திருக்கலாம்.

ஆனால், அந்த முகத்தில்தான் கூகையின் விந்தை அடங்கியிருக்கிறது. தட்டையான அம்முகம் ஒலியைத் திரட்டிக் காதுகளுக்கு அனுப்பும் கிண்ணமாகும். இரு காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் இருக்கின்றன. ஆகவே, ஓர் ஒலி இரு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எட்டுவதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு, எலி எந்தத் திசையில், எவ்வளவு கீழே ஓடுகிறது என்பதைக் கூகை கணித்துவிடுகிறது. ஒளியே இல்லாத இருட்டிலும் அதனால் இரை பிடிக்க முடியும். இறக்கையின் முன்விளிம்பில் சீப்புப்பல் போன்ற அமைப்பு இருப்பதால், அது பறந்து வருவதை எலி உணர்வதில்லை.

செம்பனைப் பழத்தைக் கொறித்து நட்டம் விளைவிப்பவை எலிகள். கூகையும் இருவாச்சியைப்போலத் தானாகக் கூடு கட்டாது, பொந்தைத் தேடும். செம்பனையில் பொந்து ஏது? 1960களுக்கு முன்பு மலாயாவில் கூகை அரிய பறவையாகவே இருந்தது. அதன்பின், தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டிகளை வைக்கத் தொடங்கினர். பெட்டி வைத்த இடங்களில் கூகைகள் குடியேறின. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அதே தோட்டத்தில் வீரியமிக்க எலிப்பாஷாணம் வைத்தால் நடப்பது என்ன? நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடிகிறது. எலியோ விரைவில் மீண்டும் பெருகிவிடுகிறது; கூகை அவ்வளவு விரைவில் பெருகுவதில்லை.

இடம் மாறியபோது நேர்ந்தது

வலிமையே பலவீனமாக மாறுவதற்கு நியூசிலாந்தின் காகாப்போ ஒரு சான்று. உலகில் பறக்க இயலாத ஒரே கிளி இது. இரவில் நடமாடும், நான்கு கிலோ வரை எடை இருக்கும். ஆபத்து வந்தால் அசையாமல் நின்றுவிடும். வானிலிருந்து கண்ணால் இரை தேடும் கழுகுகளுக்கு, பாசிப்பச்சை நிறத்தில் அசையாமல் நிற்கும் கிளி தென்படாது. அந்நாட்டில் இரை தேடும் நிலவிலங்குகள் இல்லாத காலம்வரை இந்த உத்தி வென்றது. மனிதர்கள் பூனையையும் எலியையும் மரநாய் போன்ற பிற விலங்குகளையும் கொண்டுவந்தனர். அவை மோப்பத்தால் இரை தேடுபவை. அசையாமல் நின்ற கிளி அவற்றுக்கு எளிய இரையாயிற்று. 1995ஆம் ஆண்டில் 51 காகாப்போக்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. பகை விலங்குகள் இல்லாத தீவுகளில் அவற்றை வைத்துக் காத்த பிறகு, இன்று அவற்றின் எண்ணிக்கை இருநூற்றைக் கடந்துள்ளது.

நம் காட்டிலும் இப்படி ஒரு கதை நடக்கிறது. தலைக்கவச இருவாச்சியை மலாயில் ‘தெபாங் மெந்துவா’ என்பர்; ‘மாமியாரை வெட்டி வீழ்த்து’ என்பது பொருள். அதன் குரல் கோடரியால் வெட்டும் ஓசைபோல் தொடங்கி, விரைந்து, பெருஞ்சிரிப்பாக முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் இப்பறவையானான் என்கிறது நாட்டுப்புறக் கதை. பிற இருவாச்சிகளின் கொண்டை உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். இதன் கொண்டையோ கெட்டியானது. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆண் பறவைகள் வானில் பறந்தபடியே தலையோடு தலை மோதிக்கொள்ள அது உதவுகிறது. அந்தக் கெட்டியான கொண்டையைச் சிற்பம் செதுக்கும் பொருளாக்கி, ‘சிவப்புத் தந்தம்’ என்று கள்ளச்சந்தையில் விற்கிறார்கள். 2015ஆம் ஆண்டில் இப்பறவை மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

காவலுக்கு வந்த கைகள்

தாய்லாந்தின் தென்கோடியில், மலேசிய எல்லைக்கு அருகே உள்ளது பூடோ மலைப்பகுதி. அங்குள்ள சிற்றூர் மக்களில் சிலர், இருவாச்சிக் குஞ்சுகளைத் திருடி விற்று வந்தனர். இருவாச்சிகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் அறிவியலாளர் பிலாய் பூன்சுவாட் அவர்களிடம் சென்று பேசினார். எந்த மரத்தில் எந்தப் பொந்து உள்ளது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யாருமில்லை என்று அவர் கண்டார். நகரத்தவர் பணம் செலுத்தி ஒரு கூட்டைத் தத்தெடுக்க, அப்பணத்தில் ஊர்மக்கள் அக்கூட்டைக் காவல்காக்கும் திட்டம் உருவானது. திருடிய கைகளே காவல் கைகளாயின.

நம் கண்முன்னே கூகைப் பெட்டிகள் சொல்வதும் இதுதான். நாம் அழித்த பொந்துக்கு ஈடாக ஒரு மரப்பெட்டியை வைத்தோம், பறவை வந்துவிட்டது. ஆனால், இருவாச்சிக்குப் பெட்டி மட்டும் போதாது. அத்திமரங்கள் நிறைந்த காடும் வேண்டும். உழவாரக் குருவிக்குக் கட்டடம் கட்டிவிடலாம். குன்றைக் கட்ட முடியாது. ஆகவே, ஒரு பறவையைக் காப்பது என்பது அதன் இடத்தைக் காப்பதே ஆகும். கூண்டில் அடைத்த இருவாச்சி உயிரோடு இருக்கலாம். விதை பரப்பும் காடு இல்லாத இடத்தில் அது பாதி இருவாச்சிதான்.

நடவடிக்கை

1. காடு, குகை, தோட்டம் ஆகியவற்றில் வாழும் மூன்று பறவைகளின் சிறப்புக் கூறுகளைக் குறிவரைவில் எழுதுக.

2. உழவாரக் குருவியும் எண்ணெய்ப் பறவையும் ஒரே உத்தியைக் கையாள்வதற்கான காரணத்தை விளக்குக.

3. ‘வலிமையே பலவீனமாக மாறும்.’ காகாப்போ, தலைக்கவச இருவாச்சி ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

4. உங்கள் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தில் எலிப்பாஷாணத்துக்குப் பதிலாகக் கூகைப் பெட்டிகளை வைக்க வேண்டுமெனத் தோட்ட நிருவாகிக்குக் கடிதம் ஒன்று எழுதுக.