கொக்கியும் நூற்கணக்கும்

பொழுதுபோக்குகளுள் சில கைக்கு மட்டும் வேலை கொடுப்பன. சில கருத்துக்கு மட்டும் வேலை கொடுப்பன. இரண்டிற்கும் ஒருங்கே வேலை கொடுப்பன மிகச் சில. அச்சிலவற்றுள் குரோஷாப் பின்னலும் ஒன்று.

கொக்கியைப் பிடிக்கவும் கண்ணி போடவும் கற்றுத் தருவோர் நம் விடுதிகளில் இருக்கின்றனர். நூல் வாங்கக் கற்றுத் தருவோரைத்தான் காணோம். ஐப்பசி பிறந்ததும் இந்நகரின் கடைத்தெருக்களில் கம்பளி நூல் மலைபோல் குவிகிறது. நிறத்தைக் கண்டு மயங்கி வாங்குகிறோம். தை மாதத்தில் பார்த்தால், முக்கால் போர்வையும் ஒற்றைக் கையுறையும் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. பின்னத் தெரியாமை இதற்குக் காரணமன்று. நூலின் கணக்குத் தெரியாமையே காரணம். அக்கணக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

குரோஷா என்பது யாது?

'குரோஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சிறு கொக்கி' என்பது பொருள். அச்சொல் நம் ஊர்களில் 'குரோஷா' ஆயிற்று. தில்லிக் கடைக்காரரிடம் 'குரோஷியா' என்றால்தான் கொக்கியை எடுத்துத் தருவார்.

ஸ்வெட்டர் பின்னுவதற்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. ஸ்வெட்டர் பின்னலில் இரண்டு ஊசிகள். ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் ஊசிமேல் திறந்திருக்கும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ளவையும் வரிசையாக அவிழும். குரோஷாவில் ஒரே கொக்கி. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். மற்றவை அவ்வப்போதே முடிந்துவிடும். ஆதலால் பேருந்தில் பின்னிக்கொண்டு செல்கையில் இறங்கவேண்டிய இடம் வந்தால், கொக்கியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு கண்ணியைச் சற்று நீட்டி விட்டால் போதும். இவ்வசதிக்கு ஈடாக, அதே பரப்புக்குக் குரோஷா பொதுவாகக் கூடுதல் நூலைத் தின்னும். நூல் வாங்குவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது இது.

புத்தகம் பார்த்துப் பின்னுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் புத்தகங்களில் 'டபிள் குரோஷே' எனப்படும் குட்டைக் கண்ணியே அமெரிக்கப் புத்தகங்களில் 'சிங்கிள் குரோஷே' எனப்படுகிறது. எந்நாட்டு முறை என்று பாராமல் தொடங்கினால் அளவும் மாறும், நூற்கணக்கும் மாறும்.

இது பெண்பாலார்க்கே உரிய வேலை என்று நம் தோழர் சிலர் கருதுவர். அவர்கள் நம் கடற்கரையில் வலைக்கண்ணி முடையும் பரதவரைப் பார்த்ததில்லை போலும்!

நூலின் நம்பர்

நம் நெசவாளர் வீடுகளில் 'நாற்பதாம் நம்பர் நூல்', 'எண்பதாம் நம்பர் நூல்' என்னும் பேச்சைக் கேட்டிருப்போம். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது? 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டங்கள் நிற்குமோ, அத்தனையே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம் ஓடும். இருபதாம் நம்பர் 16,800 கெஜமே ஓடும். ஆகவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும்.

'டெக்ஸ்' என்னும் மெட்ரிக் அளவோ இதற்கு நேர்மாறானது. ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெக்ஸ். இங்கே எண் கூடினால் நூல் தடிக்கும்.

லேஸ் பின்னும் பருத்தி நூற்கண்டுகளில் 10, 20, 40 என எண்கள் இருக்கும். இவற்றிலும் எண் கூடினால் நூல் மெல்லியது. ஆனால் இவை ஆலை நம்பரோடு அப்படியே பொருந்துவன அல்ல. கம்பளி வகை நூல்களில் 0 முதல் 7 வரை தடிமன் எண் இடும் அமெரிக்க வழக்கம் ஒன்று உண்டு. அதில் 0 மெல்லிய லேஸ் நூல். 7 மிகத் தடித்த நூல். இனி, 'ஃபோர் பிளை' என்பது நான்கு புரி என்று மட்டும் பொருள்படுவதில்லை. கடைகளில் அது ஒரு தடிமனின் பெயராகவே வழங்குகிறது.

இத்தனை எண்களுக்கிடையே மயங்காமலிருக்க வழி ஒன்று உண்டு. சுற்றியிருக்கும் சீட்டில், இத்தனை கிராமுக்கு இத்தனை மீட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். நூல் மாற்றி வாங்கும்போது கிராமை ஒப்பிடலாகாது, மீட்டரையே ஒப்பிடவேண்டும். புத்தகம் ஒரு குல்லாய்க்கும் கழுத்துச் சால்வைக்குமாக 50 கிராமுக்கு 120 மீட்டர் ஓடும் நூலில் ஆறு உருண்டை கேட்கிறது என்போம். வேண்டிய நீளம் 720 மீட்டர். நாம் எடுத்த நூல் ஏறக்குறைய அதே தடிமன்தான்; ஆனால் 50 கிராமுக்கு 105 மீட்டரே ஓடுகிறது. ஆறு உருண்டையில் கிடைப்பது 630 மீட்டர். ஏழாவது உருண்டை இன்றிச் சால்வை முடியாது.

நாரின் இயல்பு

ஒரே தடிமனும் ஒரே எடையும் உள்ள இரு நூல்கள் நீளத்தில் மாறுபடுவது எவ்வாறு? அடர்த்தியே காரணம். ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி நார் சுமார் 1.54 கிராம், கம்பளி 1.31, அக்ரிலிக் 1.17. பருத்தி கனமான நார். ஆதலால் அக்ரிலிக் நூலுக்கு எழுதிய கணக்கில் பருத்தியை எடை பார்த்து வாங்கினால் குறைந்தே போகும்.

எடையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண ஈரப்பதத்தில் நூறு கிராம் உலர்ந்த கம்பளி ஏறத்தாழ 16 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பருத்தி 8 கிராம். அக்ரிலிக் ஏறத்தாழ 2 கிராம். மழைநாளில் உதிரியாக நிறுத்து விற்கும் கம்பளியில் மேகத்துக்கும் சேர்த்து நாம் விலை கொடுக்கிறோம்! 'லச்சி'யாக வாங்கினாலும் 'கோலா'வாக வாங்கினாலும், அதாவது சிட்டமாகவோ உருண்டையாகவோ வாங்கினாலும், நீளம் அச்சிட்ட சீட்டுள்ளதையே நாடுவது நன்று.

கடைத்தெருவில் 'ஊன்' என்று சொல்லித் தருவன யாவும் ஆட்டின் உரோமம் அல்ல. பல அக்ரிலிக் நூல்களே. அக்ரிலிக் தாழ்ந்ததென்று சொல்லவில்லை. மலிவானது, துவைக்க எளியது, பூச்சி அரிக்காது. ஆனால் எதுவென அறிந்து வாங்கவேண்டும். ஐயம் எழுந்தால் ஒரு சோதனை உண்டு. இரண்டு அங்குல நூலை இடுக்கியால் பிடித்து, நீர்த்தொட்டியின் மேல் நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் கருகி, நெருப்பை அகற்றினால் தானே அணையும். மிஞ்சும் கரியை விரலால் பொடிக்கலாம். அக்ரிலிக் உருகி எரிந்து, பொடிக்கவியலாத கரிய மணியாக இறுகும். கலப்பு நூலில் இவ்வடையாளங்களும் கலந்தே தோன்றும்.

இயல்புக்கு ஏற்பவே பயனும் அமையவேண்டும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. சூட்டில் அது இளகிக் கையைச் சுடும். அதற்குப் பருத்தியே தக்கது. கம்பளியின் ஒவ்வோர் இழையிலும் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, ஆள் அணியும் ஸ்வெட்டர் பொம்மைக்குரியதாகிவிடும்.

லேஸ் நூலின் பளபளப்பும் வேதியியலே. ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் தோய்க்கும் முறைக்கு 1850-இல் காப்புரிமை பெற்றார். தட்டையாய் முறுக்கிக் கிடந்த இழை அதனால் உப்பி உருண்டது, வலிமை பெற்றது, சாயமும் நன்கு ஏறிற்று. ஆனால் நூல் சுருங்கியது. நூலை இழுத்துப் பிடித்தபடி தோய்த்தால் சுருக்கம் நீங்குவதோடு பளபளப்பும் வருமென்று 1890-இல் ஹொரேஸ் லோ காட்டினார். 'மெர்சரைஸ்டு' என்று நூற்கண்டில் எழுதியிருப்பதன் வரலாறு இதுவே.

எவ்வளவு வாங்குவது?

இனிக் கணக்குக்கு வருவோம். முதலில் ஓர் உருண்டை மட்டும் வாங்குங்கள். சீட்டில் குறித்த அளவுள்ள கொக்கியால் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சற்றுப் பெரியதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசி உலர்த்தி, சரியாக 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என எண்ணுங்கள். பின் துண்டை அளந்து நிறுத்து, நூறு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என வகுத்தறியுங்கள். தராசுக்கு நம் ஆய்வுக்கூடங்களில் பஞ்சமில்லை.

குழந்தைப் போர்வை ஒன்று 75-க்கு 90 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பரப்பு 6,750 சதுர சென்டிமீட்டர், அதாவது 67.5 மாதிரிச் சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு 5 கிராம் எனில் 337.5 கிராம் வேண்டும். கரைக்கும் வால்நூலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 371 கிராம். 50 கிராம் உருண்டைகள் எட்டு வாங்கவேண்டும்.

எட்டையும் ஒரே நாளில் வாங்கவேண்டும். சீட்டில் நிற எண்ணுக்கு அருகே 'லாட்' எண் ஒன்று இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் ஏறியவற்றுக்கே அவ்வெண் ஒன்றாக இருக்கும். நிற எண் ஒன்றாயினும் லாட் எண் மாறினால், கடையின் விளக்கொளியில் தெரியாத வேறுபாடு வெயிலில் பட்டையாகத் தெரியும். ஆகவே மாதிரி உருண்டை வாங்கும்போதே, மற்றவற்றை இரண்டு நாள் எடுத்துவைக்கும்படி கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

வளைபரப்பும் நூலும்

கணித மாணவர்க்கு ஒரு சொல். குட்டைக் கண்ணியில் தட்டையான வட்டம் பின்ன, முதற் சுற்றில் 6, அடுத்து 12, 18, 24 எனச் சுற்றுக்கு ஆறாகக் கூட்டுவது வழக்கம். குறைத்துக் கூட்டினால் குல்லாய்போல் குவியும். மிகுத்துக் கூட்டினால் கீரையிலையின் ஓரம்போல் சுருண்டு நெளியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாத்வியக் கணித அறிஞர் டைனா டைமினா, இந்நெளிவைக் கொண்டே அதிபரவளையத் தளத்தின் மாதிரியை 1997-இல் பின்னினார். யூக்ளிடின் இணைகோட்டு விதி பொய்க்கும் தளம் அது. காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. நூல் மாதிரியோ கையில் மடித்துப் பார்க்க இடம் தந்தது.

இதிலும் நூற்கணக்கு உண்டு. ஐந்து கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டுவதாகக் கொள்வோம். 20 கண்ணியில் தொடங்கினால், பத்து வரிசை கழிந்தபின் ஒரு வரிசையில் ஏறத்தாழ 124 கண்ணிகள். இருபது வரிசை கழிந்தபின் 767. பெருக்குத் தொடர் எத்துணை விரைவில் வளரும் என்பதைப் பாடப் புத்தகத்தைவிடத் தீர்ந்துபோகும் நூல் உருண்டை நன்றாகவே உணர்த்தும்.

கைகளின் கணக்கு

இறுதியாக ஒரு கணக்கு. இதுவே இக்கட்டுரையில் தலையாயது. மேற்சொன்ன போர்வையின் மாதிரிச் சதுரத்தில் வரிசைக்கு 16 கண்ணி, 18 வரிசை எனின், 288 கண்ணிகள். போர்வை முழுதும் 19,440 கண்ணிகள். நிமிடத்துக்கு இருபது கண்ணி வீதம் ஓயாது பின்னினாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணி நேர வேலையில் இரண்டு முழு நாள்!

இவ்வேலையை இயந்திரம் செய்யாதா எனலாம். சோதனைச்சாலை முயற்சிகள் உண்டு. எனினும் கைக் குரோஷாவைக் கடைச்சரக்காகச் செய்து குவிக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆலைகளில் 'குரோஷே இயந்திரம்' எனப்படுவன வேறு வகைப் பின்னல் செய்பவை. ஆகவே நடைபாதையில் மலிவாய்க் கிடக்கும் குரோஷாப் பையையும் யாரோ ஒருவர் கண்ணி கண்ணியாகக் கையால்தான் பின்னியிருக்கிறார்.

அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. நம் நாட்டில் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாப்பூர் இக்கலைக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியாக அங்கே வேரூன்றிய இத்தொழில், ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அவ்வூர்ப் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலார் மரியா மீஸ் எழுதிய ஆராய்ச்சி 1982-இல் வெளிவந்தது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களை உலகம் தொழிலாளராக எண்ணவில்லை. வீட்டில் ஓய்வாயிருப்போர் பொழுதுபோக்குகின்றனர் என்றே எண்ணியது. அவ்வெண்ணமே கூலியைத் தாழ்த்தி வைத்தது என அவர் காட்டினார். 2024-இல் நரசாப்பூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்புக் கிடைத்தது நன்று. கைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்கள் வாங்குவோராகிய நாமே.

நமக்குப் பொழுதுபோக்காயிருப்பது பிறர்க்குப் பிழைப்பு. ஆதலால் கண்காட்சிகளில் குரோஷா மேசைவிரிப்பைக் கையிலெடுத்து, "இவ்வளவு விலையா?" என்று பேரம் பேசுமுன், ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். "எனக்கும் ஒன்று பின்னித் தாயேன்" என்று விடுதித் தோழியைக் கேட்குமுன், நூலுக்கு மட்டுமன்றி அவர் செலவிடும் மணிகளுக்கும் என்ன கைம்மாறு செய்வோம் என்று எண்ணுங்கள்.

அன்பர்களே! இக்கணக்கைப் படித்து அறிவதினும் பின்னி அறிவது மேல். இக்குளிர்காலத்தில் ஒரு 4 மில்லிமீட்டர் கொக்கியும், கண்ணிகள் தெளிவாய்த் தெரியும் வெளிர்நிற நூல் உருண்டை ஒன்றும் வாங்குங்கள். சீட்டை எறிந்துவிடாமல் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். முதல் மாதிரித் துண்டைப் பின்னி முடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் அதன் அருகே எழுதி வையுங்கள்.